அடுக்களைச் சுவரின் பவளக்கல்

ஐப்பசி மழையில் எங்கள் அடுக்களையின் பின்சுவர் சரிந்தது. பூச்சு உதிர்ந்த கற்களில் பூப்போன்ற வரிகள் தெரிந்தன. பவளக்கற்கள். தூத்துக்குடிக்கு எதிரே கடலில் இருந்த சிறு தீவொன்றின் ஓரத்தில், அப்பா இளவயதில் கடப்பாரையால் பெயர்த்து வள்ளத்தில் ஏற்றி வந்தவை. அந்நாளில் பலர் வீடும் அப்படித்தான் எழும்பியது. கல்லும் அதுவே, அதைச் சுட்டெடுத்த சுண்ணாம்பே பூச்சு.

அந்தத் தீவு இப்போது நீருக்கடியில் இருக்கிறது. ஏன் என்று நான்தான் அப்பாவுக்கு வாசித்துச் சொன்னேன். மாலையில் அவருக்கு எதையாவது வாசித்துக் காட்டுவது மகளான என் வழக்கம். சுவர் விழுந்த வாரத்தில் பவளத்தைப் பற்றி வாசித்தேன். பாறை அலையைத் தடுத்தது, அதன் பின்னே மணல் தங்கித் தீவாயிற்று, பாறை போனதும் அலை மணலை வாரிக்கொண்டது. ஒரு விரற்கடை பவளம் வளர எத்தனை காலமாகும் என்ற இடத்தில் அப்பா கையை உயர்த்தினார். நிறுத்திவிட்டேன். அதற்கு முன்பே நிறுத்தியிருக்கலாம்.

சனிக்கிழமை, சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்கு அவரைக் கோவிலுக்கு அழைத்துப் போனேன். முகம் சிவந்து வெளியே வந்தார்.

“சாமி அபராதம் குடுக்க மாட்டேங்காரு ளா. அப்போ தடை கெடையாது, ஒழச்சுத் தின்னீரு, இது பாவத்துல சேராதுங்காரு.”

“நல்லதுதானப்பா?”

“என்ன நல்லது? அபராதம் இல்லாம மன்னிப்பு எங்கன வரும்?”

மறுநாள் திருப்பலியில் நற்கருணை அப்பமான நன்மை வாங்க அவர் எழுந்திருக்கவில்லை; பாவம் தீராமல் அதை வாங்கக் கூடாது என்பது அவர் கணக்கு. நான் அறிந்து ஒரு ஞாயிறும் தவறாதவர்.

பாவத்துக்குப் பரிகாரமான அந்த அபராதத்தை அவரே விதித்துக்கொண்டார்: கற்களை எடுத்த இடத்திலேயே போட வேண்டும். படகு வைத்திருந்த அத்தை மகனை வரச் சொன்னார். அவன் கல் குவியலைப் பார்த்துச் சிரித்தான்.

“மாமா, அள்ளிட்டு வரும்போது ஒருத்தனும் கேக்கல. திருப்பிப் போடப் போனா என்னையத் தூக்கி உள்ள போட்டுருவானுவ. உமக்குப் புண்ணியம், எனக்குச் செயிலா?”

“ஏலே, வயசான மனுசனக் கேலி பண்ணுதியா?”

“கேலியில்ல மாமா. பவளத்தப் படகுல வச்சிருந்தாலே கேசு. போட்டாலும் அது முளைக்கவா போவுது?”

அப்பா என்னைப் பார்த்தார். செத்த கல் முளைக்காது என்பதை நான் முன்பே வாசித்திருந்தேன். அந்தப் பக்கத்தை அவருக்குச் சொல்லாமல் விட்டிருந்தேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

கொத்தனார் சிமெண்டு கட்டிகளோடு வந்தபோது, அப்பா பழைய கற்களையே அடுக்கச் சொன்னார். பூசவும் விடவில்லை. “மூடாதேயும் அண்ணாச்சி” என்றார். “மழைக்கு ஊறுமே” என்றார் கொத்தனார். “ஊறட்டும்.” பிறகு தன் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, அங்கேயே உண்ணத் தொடங்கினார். அது போதும், இனி மனம் ஆறிவிடும் என்று நினைத்தேன்.

சுவர் முடிந்த ஞாயிறு, நன்மை வாங்கும் வரிசை எங்கள் பெஞ்சுக்கு வந்தது. அப்பா அசையவில்லை. நான் ஒரு கல்லையும் பெயர்த்தவளல்ல. ஆனால் பிறந்தது முதல் வெயிலும் மழையும் என்மேல் படாமல் காத்தவை அந்தக் கற்கள்தான். போகலாமா என்று தயங்கி நின்றேன். பின்னால் இருப்பவர்கள் காத்திருந்தார்கள். அப்பா முழங்கால்களை ஒடுக்கி, நான் போவதற்கு வழிவிட்டார்.