"வா" என்றால் போ

வெள்ளிக்கிழமை காலை ஆறேகாலுக்கு ரொறன்ரோ யூனியன் நிலையத்தில் மொன்றியல் ரயிலுக்கு வரிசையில் நின்றேன். ஒருவழிச் சீட்டு ஐம்பத்தொன்பது டொலர், தூரம் ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர். நோய்க்காலம் தொடங்கிய பிறகு ஸ்காபரோவை விட்டு நான் வெளிக்கிடும் முதல் பயணம் இதுதான். எனக்கு முன்னால் நின்ற மனிதருக்குத் திடீரென்று தும்மல் வந்தது. வரிசை முழுவதும் ஓரடி பின்வாங்கியது. அவர் திரும்பி "அலர்ஜி, அலர்ஜி" என்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். யாரும் நம்பவில்லை, நானும்தான்.

நான் போவது பேஸ்போல் பார்க்க என்று சொன்னபோது மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கத்தான் வேண்டும். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்குக் கிரிக்கெட் ஆடியவன் நான். முப்பது வருடமாகக் கனடாவில் இருந்தும் பேஸ்போலை ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் பார்த்ததில்லை. பந்தை நிலத்தில் குத்த விடாமலே எறிகிற ஒரு விளையாட்டை எப்படி மதிப்பது?

ஆனால் என் தங்கை யோகாவின் மகன் நிரோஷன் மொன்றியலில் ஒரு கல்லூரி அணிக்கு ஆடுகிறான். போன வருடம் ஆட்டப் பருவத்தையே ரத்துச் செய்துவிட்டார்கள். இந்த வருடம் இலையுதிர்காலத்தில் சுருக்கி நடத்தினார்கள், சனிக்கிழமை கடைசி ஆட்டம். படிப்பும் இத்தோடு முடிகிறபடியால் அவனுக்கு அதுவே கடைசி. யோகா அவன் ஆடியதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவள் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்கிறவள். முதல் அலையிலேயே நோய் பிடித்து ஆஸ்பத்திரிவரை போய் மீண்டவள். அதன்பிறகு வேலை, வீடு, வீடு, வேலை. நாலு பேர் கூடுகிற இடமென்றால் காலெடுத்து வைக்கமாட்டாள். கணவரும் வீட்டில் இல்லை, லொறியோடு வன்கூவர்ப் பக்கம் போயிருந்தார்.

"மாமா, நீங்கள் வந்தா அம்மாவும் வருவா," என்று நிரோஷன் போனில் சொன்னான். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் ரயில் ஏறினேன்.

பெட்டியில் பாதி ஆசனங்கள் வெறுமையாக இருந்தன. கிங்ஸ்ரன் தாண்டியதும் மனைவி கட்டித் தந்த ரொட்டியையும் சம்பலையும் எடுத்தேன். சீட்டுப் பார்க்க வந்த ஊழியர், இரண்டு கடிக்கு இடையில் முகக்கவசத்தை மேலே இழுத்துவிட வேண்டும் என்று பணிவாகச் சொன்னார். அப்படியே செய்தேன். மொன்றியல் வருவதற்குள் முகக்கவசத்தின் உட்புறம் முழுக்கச் சம்பல்.

மதியம் மொன்றியல் மத்திய நிலையம். அங்கிருந்து மெற்றோவுக்கு மூன்று டொலர் ஐம்பது சதம். ஒருமுறை மாறி மஞ்சள் பாதையைப் பிடித்தால், ஆற்றுக்கு அடியால் ஓடி அக்கரையில் லொங்கேய் நிலையத்தில் இறக்கிவிடுகிறது. வெளியே யோகா காரோடு நின்றாள். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். கட்டிப்பிடிக்கப் போனவனைக் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அண்ணை, பின்னுக்கு இருங்கோ. குறை நினைக்காதேங்கோ," என்று புது முகக்கவசமொன்றை நீட்டினாள்.

ஒக்டோபர்க் குளிரில் நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு ஓட்டினாள். பற்கள் கிடுகிடுத்தன. போகும் வழியிலேயே விஷயத்தைச் சொன்னாள். அணியில் ஒரு பெடியனுக்குத் தொண்டை நோவாம். காலையில் அணி முழுவதையும் பரிசோதித்திருக்கிறார்கள். நாளைக் காலையில் முடிவு வரும், ஒருவருக்கு இருந்தாலும் ஆட்டம் இல்லை. நிரோஷன் வீட்டின் கீழ்மாடி அறைக்குள் தன்னைத்தானே பூட்டிக்கொண்டு இருக்கிறான்.

"உங்களை இவ்வளவு தூரம் வரச் சொல்லிப்போட்டு இப்பிடி ஆச்சுது அண்ணை."

"ஆட்டம் நடந்தா நீ வருவியோ?"

அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "முதல் நடக்கட்டும்," என்றாள்.

ஆகவே மருமகனைப் பார்க்க வந்த நான் அன்று பின்னேரம் மருமகனின் கதவைத்தான் பார்த்தேன். ஒரு கதிரையைக் கொண்டுபோய்ப் போட்டு, கதவோடு கதைத்துக்கொண்டிருந்தேன். அவனுடைய தமிழ், பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் முட்டி மோதி வந்து சேரும். ஆனால் வந்து சேரும்.

"முதல் நாள் பயிற்சியிலை பந்தை அடிச்சுப்போட்டு மட்டையோட ஓடிப்போட்டன் மாமா," என்றான் கதவுக்குள்ளிருந்து. "கோச் பின்னாலை கத்திக்கொண்டு ஓடிவாறார். இதிலை மட்டையைப் போட்டிட்டுத்தான் ஓடவேணும். பார்க்கிலை தமிழ் ஆக்களோட கிரிக்கெட் விளையாடின பழக்கம்."

எனக்குப் பெருமையாக இருந்தது. மட்டையைக் கைவிடுகிறவன் என்ன ஆட்டக்காரன்?

"சரி, ஓட்டம் எப்பிடி எடுக்கிறது?"

"நாலு தளம் மாமா. அடிக்கிற இடத்துக்கு 'ஹோம்' எண்டு பேர், வீடு. வீட்டிலையிருந்து வெளிக்கிட்டு, மூண்டு தளமும் சுத்தி, திரும்ப வீட்டை வந்தாத்தான் ஒரு ஓட்டம்."

"நடுவிலை நிண்டா?"

"ஒண்டுமில்லை. பூச்சியம்." பிறகு சொன்னான்: "அம்மா வேலைக்குப் போகேக்க 'போட்டு வாறன்' எண்டு சொல்லுறவதானே. போயிட்டு வருவன் எண்டு. அதுதான் மாமா இந்த விளையாட்டு. போனாக் காணாது. வரவேணும்."

சாப்பாட்டுத் தட்டோடு படியில் இறங்கிக்கொண்டிருந்த யோகா அப்படியே நின்றுவிட்டாள். பிறகு தட்டைக் கதவடியில் வைத்துவிட்டு மேலே போனாள்.

சனிக்கிழமை காலை, கடைகள் திறக்கிற நேரத்துக்கே ஜான்-டலோன் சந்தைக்குப் போனோம். கூட்டம் சேர முன்பு வாங்கிக்கொண்டு ஓடிவருவது அவளுடைய வழக்கம். தக்காளிப் பழம் ஒரு சிறு கூடை நாலு டொலர். கத்தரிக்காய் கறுத்து மினுங்கிக்கொண்டு கிடந்தது, பூசணிகள் மலையாகக் குவிந்திருந்தன. கடைக்காரர் ஒவ்வொருவரும் "ஸா வா?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு பொன்ஜூரும் மெர்சியும் மட்டுந்தான்.

"இதென்ன எல்லாரும் 'வா, வா' எண்டு கூப்பிடுகினம்?" என்று கேட்டேன்.

"சுகமோ எண்டு கேக்கினம் அண்ணை. எப்பிடிப் போகுது எண்ட மாதிரி. 'வா' எண்டா இவையளுக்குப் போ."

"எங்கட வா இவையளுக்குப் போவோ?"

"ஓம். வந்த புதுசிலை நானும் நல்லா மாட்டுப்பட்டனான்," என்று சிரித்தாள். இந்தப் பயணத்தில் அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

சிரிப்பு நிலைக்கவில்லை. கைப்பேசியை எடுத்துப் பார்ப்பதும் பைக்குள் வைப்பதுமாக இருந்தாள். பூசணிக் குவியலடியில் நின்றுகொண்டு, நான் கேளாமலே சொல்லத் தொடங்கினாள்.

"நேற்று அவன் சொன்னதைக் கேட்டனீங்கள்தானே. என்னை அம்புலன்சிலை ஏத்தேக்க இவன் படியிலை நிண்டவன். கிட்ட வர விடேல்லை. போட்டு வாறன் எண்டு சொல்ல வெளிக்கிட்டனான் அண்ணை. 'போட்டு' மட்டும்தான் வந்தது. மற்றதுக்கு மூச்சுக் காணேல்லை."

"பிறகு வந்திட்டாய்தானே, யோகா."

"நான் வந்திட்டன். வரும்வரைக்கும் அவன் அந்தப் பாதியோட இருந்திருக்கிறான்."

அந்த நேரத்தில் நான் ஸ்காபரோவில் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவனோ, தகப்பன் லொறியோடு வெளியூரில் நிற்க, அந்த வீட்டில் தனியாக இருந்திருக்கிறான். பூசணியொன்றைத் தட்டிப் பார்த்தேன்.

கைப்பேசி அதிர்ந்தது. அவள் வாசித்தாள், திரும்பவும் வாசித்தாள். பிறகு அப்படியே ஒரு வெறும் பெட்டியின்மேல் இருந்துவிட்டாள்.

"எல்லாருக்கும் நெகற்றிவ். ஒரு மணிக்கு விளையாட்டு," என்றாள், கன்னத்தால் கண்ணீர் ஓட. "தொண்டை நோ வெறும் சளித் தடிமனாம். முருகா!"

எனக்கு வந்த சந்தோஷத்தில் தட்டிப் பார்த்த பூசணியை விலையும் கேளாமல் வாங்கிவிட்டேன். ஏழு டொலர். இரண்டு பேருக்கும் தூக்க முடியாத பாரம்.

ஆட்டம் நகரின் வடக்கே ஒரு பூங்காவில். வானம் நீலமாக இருந்தது, காற்றுத்தான் காதைக் கடித்தது. பார்க்க வந்தவர்கள் ஐம்பது பேர் இருக்கலாம், வேலியோரமாக மடிக்கும் கதிரைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். யோகா காரை மூன்றாம் தளத்துக்கு நேரே வேலியடியில் நிறுத்தினாள். இறங்கவில்லை.

"நான் இதிலையிருந்தே பாக்கிறன்," என்று கண்ணாடியை ஒரு விரலளவு இறக்கினாள்.

வற்புறுத்தவில்லை. அவ்வளவு தூரம் வந்ததே பெரிய காரியம். பக்கத்துக் கதிரையில் கம்பளி போர்த்துக்கொண்டு ஒரு கியூபெக் பெண்மணி இருந்தார், பந்தெறிகிற பெடியனின் தாய். எனக்குப் பொன்ஜூர் சொன்னார். நானும் பொன்ஜூர் சொன்னேன், அதோடு என் பிரெஞ்சு முடிந்தது.

ஆட்டத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்வதானால், முதல் ஒரு மணித்தியாலம் ஒன்றும் நடக்கவில்லை. எறிந்தார்கள், வீசினார்கள், துப்பக்கூடாது என்று நடுவர் இரண்டு முறை எச்சரித்தார். ஆனால் பெடியள் ஒவ்வொருவரின் முகத்தையும் பார்க்க வேண்டும். தோற்றுக்கொண்டிருந்தபோதும், விடுமுறை விட்ட பிள்ளைகளுக்கு இருக்கும் பளபளப்பு. கடைசிச் சுற்று வந்தபோது எங்கள் ஆட்கள் இரண்டு ஓட்டம் பின்னால் நின்றார்கள். நிரோஷன் அடித்து, எப்படியோ சுற்றி மூன்றாம் தளத்துக்கு வந்து சேர்ந்தான். மட்டையைப் போட்டுவிட்டுத்தான் ஓடினான், பாவம்.

அடுத்த பெடியன் பந்தை வலப்பக்கமாக அடித்தான். அங்கே நின்றவன் ஓடிவந்து எடுத்துவிட்டான். மூன்றாம் தளத்தடியில் நின்ற கோச் இரண்டு கைகளையும் உயர்த்தி நிரோஷனை நிற்கச் சொன்னார். அது எனக்கே விளங்கியது. நிரோஷன் நின்றான்.

அப்போது எனக்குப் பின்னால் கார்க் கதவு திறந்தது.

"வா! நிரோ, வா! ஓடி வா!"

யோகா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகக்கவசம் தாடைக்குக் கீழே போயிருந்தது. கம்பளிக்காரப் பெண்மணி அவளைப் பார்த்தார், களத்தைப் பார்த்தார், எழும்பி நின்று தானும் கத்தினார்: "வா! வா!" அவரைப் பார்த்து மற்றவர்கள். வேலியோரம் முழுவதும் ஒரே குரலில் "வா! வா!" அவர்கள் போ என்றார்கள், இவள் வா என்றாள். இரண்டுக்கும் அவன் ஓடவேண்டிய திசை ஒன்றுதான்.

நிரோஷன் ஓடினான். பந்தும் வந்தது. எனக்குள் இருந்த கிரிக்கெட்காரன் விழித்துக்கொண்டு, "மட்டையை நீட்டடா! மட்டையை நீட்டு!" என்று அலறினேன். அவன் கையில் மட்டையே இல்லை. வெறுங்கையை நீட்டிக்கொண்டு புழுதியில் சறுக்கினான். நடுவர் குனிந்து பார்த்து இரண்டு கைகளையும் அகல விரித்தார். தப்பிவிட்டான், ஓட்டம் ஒன்று.

அடுத்தவன் ஆட்டமிழந்தான். ஒரு ஓட்டத்தால் தோற்றோம். தோற்றவர்கள் புல்லில் மல்லாந்து கிடந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். கோச், மலைபோன்ற மனிதர், நேரே வேலிக்கு வந்து பிரெஞ்சில் ஏதோ கேட்டார். பின்னால் ஓடிவந்த நிரோஷன் மொழிபெயர்த்தான்.

"நான் நில் எண்டு சொல்லேக்க, 'வா', போ எண்டு சொன்னது ஆர் எண்டு கேக்கிறார்."

யோகா பயந்துபோய் என் பின்னால் ஒதுங்கினாள். நிரோஷன் கோச்சிடம் விளக்கினான். அம்மா போகச் சொல்லவில்லை, வரச் சொன்னவர், தமிழில் அது வா. கோச் சற்று யோசித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்து, தொப்பியைக் கழற்றி யோகாவுக்கு வணக்கம் வைத்தார்.

அவர் போனபிறகு நிரோஷன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தாயை மேலும் கீழும் பார்த்தான். முழங்கை உரஞ்சி இரத்தம் கசிந்தது.

"அம்மா, நீங்கள் காருக்கு வெளியிலை நிக்கிறீங்கள்."

யோகா திரும்பி, ஆவென்று திறந்து கிடந்த கார்க் கதவைப் பார்த்தாள். சுற்றிவர நின்ற ஆட்களையும் பார்த்தாள்.

"ஓம்," என்றாள். "நிக்கிறன்."

கம்பளிக்காரப் பெண்மணி போத்தலிலிருந்து கோப்பி ஊற்றி யோகாவிடம் நீட்டினார். அவள் ஒரு கணம் தயங்கி, வாங்கிக் குடித்தாள்.

ஞாயிறு பின்னேரம் என்னை வழியனுப்ப இரண்டு பேரும் வந்தார்கள். யோகா காரிலேயே இருந்துவிடுவாள் என்று நினைத்தேன். நிலையத்துக்குள் வந்தாள், ரயில் சனத்துக்கு நடுவில் பூசணியின் பாதியைப் பையில் கட்டித் தூக்கிக்கொண்டு. காரில் போகும்போது என்னை முன் ஆசனத்தில் இருத்தியதையும் இங்கே எழுதிவைக்க வேண்டும். ஸ்காபரோவில் எங்கள் தெருவிலும் ஒருவரையொருவர் கண்டால் இன்னும் நடைபாதையை மாறித்தான் நடக்கிறோம். வீட்டுக்குப் போனதும் எதிர்வீட்டுக்காரரைத் தேநீருக்குக் கூப்பிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மொன்றியலில் ரயில் ஏறக் கீழ்த்தளத்துக்கு இறங்க வேண்டும். தானே ஓடும் படியில் கால் வைத்துத் திரும்பி, "சரி, போட்டு" என்று தொடங்கியபோது பின்னால் வந்தவரின் பெட்டி முழங்காலில் இடித்தது. பூசணி சரிந்தது, அதைப் பிடித்தேன். படி என்னைக் கீழே கொண்டுபோய்க்கொண்டிருந்தது.

"மாமா!"

நிரோஷன் மேலே கைப்பிடிச் சுவரில் பாதி உடம்பை வெளியே நீட்டியிருந்தான். முகத்தில் சிரிப்பு இல்லை.

"மாமா, மற்றப் பாதி! மற்றப் பாதியையும் சொல்லுங்கோ!"

நான் முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டு, நிலையமே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"வாறன்!"