வெள்ளைத்துரைக்கு விழுந்த மாலை

வில்லாபுரத்து ஆன்றோ நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. சோற்றுத்தட்டைக் கையில் ஏந்தி, ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்தபடியே சாப்பிட்டு முடிக்கிற ஆள். ஸ்கூட்டரில் போகும்போது நடுரோட்டில் பிரேக் அடிப்பான். பின்னால் இருக்கும் மனைவி ஜெஸி அவன் முதுகில் மோதி நிமிர்ந்து, "இப்ப என்ன, கொக்கா, மேகமா?" என்பாள். அநேகமாக மேகமாகத்தான் இருக்கும்.

படம் எடுத்து விற்றே பிழைப்பது என்று கம்பெனி வேலையை விட்டிருந்தான். கடல் தாண்டி எங்கோ இருக்கும் இணையதளங்களுக்குப் படம் அனுப்புவான். வைகை மணல், திருமங்கலம் பக்கத்துச் சோளக்காட்டு மயில், மழையைக் கொண்டுவராத மேகம். முக்கால்வாசியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தப்பித்தவறி ஒன்று விற்றால் அந்த மாதம் வீட்டில் பரோட்டா. ஒருமுறை அவனுடைய மயில் ஏதோ ஒரு நாட்டில் மூட்டுவலித் தைலத்தின் விளம்பரத்தில் நின்றது. "அதுக்குமா முட்டி வலி?" என்று ஜெஸி கேட்டாள். ஆன்றோ இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை, நடந்துகொண்டே இருந்தான்.

மாமனார் சவரியப்பன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் வேலைபார்த்த மிஷன் பள்ளி அலுவலகத்தில் ஒரு கிளார்க் நாற்காலி காலியானதும், பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குத் துண்டு போடுவதுபோல மருமகனுக்காகப் போட்டு வைத்துவிட்டார்.

"ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கும் மாப்பிள்ள. அதுக்குள்ள இந்தக் காமிராப் பொட்டி சோறு போடுதான்னு பாருங்க. போடலேன்னா வந்து உக்காருங்க."

சம்பளம், பென்ஷன், லீவு எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். ஆன்றோ காதில் விழுந்தது 'உக்காருங்க' மட்டும்தான். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருக்க முடியும். வாழ்நாள் முழுக்க. அன்றிலிருந்து அவன் கனவில் மேகம் வரவில்லை. நாலு காலும் இரண்டு கையும் உள்ள மரச்சாமான் வந்தது.

சித்திரையில் முத்திருளன் கூப்பிட்டார். தெற்குவாசல் பக்கம் பேனர் அச்சடிக்கிற கடை வைத்திருப்பவர். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், சாவு என்று மதுரைக்காரன் வாழ்க்கை மொத்தமும் அவர் மெஷினுக்குள் போய்த்தான் வெளியே வரும்.

"மாப்ள, திருமங்கலத்துல வெங்காய மண்டி வெள்ளைத்துரை இருக்காருல்ல, அவருக்கு அறுவதாம் கல்யாணம். பேனருக்கு நல்லா ஒரு படம் வேணுமாம். போய் எடுத்துட்டு வா."

வெள்ளைத்துரையை மண்டியின் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே நிறுத்தி, கூரை ஓட்டை வழியே விழுந்த ஒற்றை வெளிச்சத்தில் ஆன்றோ எடுத்தான். அப்புறம் நிறத்தையெல்லாம் உருவிவிட்டுக் கருப்பு வெள்ளையாக்கினான். நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றும் பேசியது. செல்போனில் பார்த்த வெள்ளைத்துரை, "நானாய்யா இது? ஜட்ஜு மாதிரில்ல இருக்கேன்!" என்றார். தன் முகத்தைத் தானே பார்க்கிறவனுக்கு வேறெதுவும் கண்ணில் படாது.

முத்திருளனுக்குப் பட்டது.

"மாப்ள, கலர்லயே போட்ருவோம். பின்னாடி ரெண்டு பூ வைப்போம்."

"பூவா! கலைன்னா என்னன்னு தெரியாமப் பேசாதீங்கண்ணே. எழுத்தைக்கூடச் சின்னதா, கீழ ஓரமா வைங்க. முகம் பேசணும்."

முத்திருளன் மெஷினை ஓட்டினார். அவருக்குச் சதுர அடிக்குத்தான் காசு. சதுர அடிக்குள் என்ன இருக்கிறது என்பது பேனர் போடச் சொன்னவர் பாடு.

விடிந்ததும் திருமங்கலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருபது அடி உயரத்தில் வெள்ளைத்துரையின் முகம் பேசியது. என்ன பேசியது என்பதுதான் விஷயம். இந்தப் பக்கத்தில் உயிரோடு இருக்கிறவனைக் கருப்பு வெள்ளையில் யாரும் மாட்டுவதில்லை. பிறந்தநாள் என்றால் ரோஸ் சட்டை, பச்சைக் கண்ணாடி, பின்னால் சிங்கம். நிறம் போய்விட்டது என்றால் ஆளும் போய்விட்டான். எழுத்தை யார் படித்தார்கள்? பஸ்ஸில் போனவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மண்டித் தெருவில் பாதிக் கடை ஷட்டரை இறக்கிவிட்டது. யாரோ பேனர் காலில் ஒரு மாலையைச் சாத்தினார்கள். உசிலம்பட்டியிலிருந்து வெள்ளைத்துரையின் தங்கச்சி பாக்கியத்தாய், ஒரு வேன் நிறையப் பெண்களோடு, வழி நெடுக ஒப்பாரி வைத்துக்கொண்டே வந்து இறங்கினாள்.

வெள்ளைத்துரையின் மனைவி பாண்டிமீனா தோசைக்கரண்டியோடு வெளியே வந்தார். நாத்தனார் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ, தன் பிறந்த வீட்டில்தான் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று அவரும் சேர்ந்து அழ ஆரம்பித்தார். சத்தம் கேட்டு, முகத்தில் பாதி சோப்பு நுரையோடு வெளியே வந்தார் வெள்ளைத்துரை.

ஒப்பாரி நின்றது. பாக்கியத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணனை மேலும் கீழும் பார்த்தாள்.

"உசுரோட இருந்துக்கிட்டா இம்புட்டுப் பேரை வரவச்ச?" என்று தோளில் ரெண்டு வைத்தாள்.

முத்திருளன் போனில் சொன்னது ஒரே வரி. "மாப்ள, ஆளு உன்னையத்தான் கேக்குறாரு, நான் ஊர்ல இல்லைன்னு சொல்லிட்டேன்." ஆன்றோ கிளம்பினான். வழியில் மூன்று மேகங்கள் நன்றாக இருந்தன. நிறுத்தவில்லை. அந்தக் கிளார்க் நாற்காலியில் பஞ்சு வைத்திருப்பார்களா, வெறும் பலகையா என்ற யோசனையிலேயே போய்ச் சேர்ந்தான்.

வெள்ளைத்துரை சவரம் முடித்து, கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில், வரப்புத் தகராறில் வருஷக்கணக்காகப் பேசாத தம்பி வீங்கின கண்ணோடு காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"வாய்யா, என்னைக் கொன்னவனே!" என்றார் வெள்ளைத்துரை. குரல் பெரிதாக இருந்தது. கோபம் அவ்வளவு இல்லை. "பேசாத இவனே ஓடியாந்துருக்கான். எதிர்க்கடை ஜோசப்பு கடையையே பூட்டிட்டான். என் மச்சினன் மட்டும் இன்னும் வரலை, பாத்துக்க. பேனரைக் கழட்டிரு. படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு உள்ள குடு. எப்படியும் வேண்டியிருக்கும்ல."

திரும்பப் போனவனை பாக்கியத்தாய் வாசலில் மறித்தாள்.

"தம்பி, எனக்கும் ஒன்னு எடுத்துருப்பா. எங்க வீட்டுக்காரர் செத்தப்ப படம் இல்லாம, யாரு கல்யாணத்துலயோ எடுத்த குரூப் போட்டோல இருந்து வெட்டுனோம். இன்னிக்கும் சாமி கும்புடுறப்ப, அவரு தோள் மேல எவன் கையோ கெடக்கு. எம்புட்டு நாளைக்கு அந்தக் கைக்கும் சேத்துச் சூடம் காட்டுறது?"

வேனில் வந்தவர்கள் அத்தனை பேரும் சுற்றி நின்றுகொண்டார்கள்.

அதற்கப்புறம் வில்லாபுரத்தில் ஆன்றோ வீட்டு மாடியில் ஆள் ஓயவில்லை. உசிலம்பட்டி, செக்கானூரணி, திருமங்கலம் என்று பட்டுச்சேலையும் கஞ்சி போட்ட வேட்டியுமாக வந்தார்கள். எதற்கு என்று யாரும் சொல்வதில்லை. "சும்மா, ஒன்னு இருக்கட்டும்" என்பார்கள். ஜெஸி ஒரு நாற்காலி வாங்கிப் போட்டாள். அவர்கள் அதில் அசையாமல் இருக்க, ஆன்றோ சுற்றிச்சுற்றி வந்தான். இடையிடையே ஜன்னல் பக்கம் போய் மேகத்தைப் பார்த்துவிட்டு வந்தான். மேகத்தை எவனும் வாங்கவில்லை.

ஜூன் வந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற அன்று காலையில் சவரியப்பன் சலவைச் சட்டையோடு மாடி ஏறினார். கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார் என்று ஆன்றோ ஜன்னல் பக்கம் நகர்ந்தான்.

அவர் நேரே போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பள்ளிக்கூடத்து ஃபாதர்கிட்ட வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிட்டேன். ம், எடுங்க. கலர் வேணாம்."

ஆன்றோ காமிராவைத் தூக்கினான். இறக்கினான். திரையை இழுத்தான். லென்ஸைத் துடைத்தான். துடைத்ததையே இன்னொரு தடவை துடைத்தான். இத்தனை பேரை எடுத்த விரல், இந்த முகத்துக்கு அமுக்கமாட்டேன் என்றது.

"மாமா, கொஞ்சம் சிரிங்க."

"அதுக்கு எதுக்குச் சிரிப்பு?"

ஆன்றோ மறுபடி ஜன்னலுக்குப் போனான்.

"மாப்பிள்ள!" வகுப்பறையில் கடைசிப் பெஞ்சு வரை எட்டுகிற குரல். "ஒரு இடத்துல நில்லுங்க! படத்துக்கு ஆடாம இருக்க வேண்டியது நானா, நீங்களா?"

அந்த முறைப்பில் விரல் தானாக அமுங்கியது.

சவரியப்பன் காமிராவை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படத்தைப் பார்த்தார். புருவம் நெறிந்து, விரல் நீட்டி, அடுத்த நொடி பிரம்பெடுக்கப்போகிற முகம்.

"இதே இருக்கட்டும்" என்றார். "இதைப் பாத்தா ஜெஸி அழமாட்டா."