தூசி புகாத ஜீப்

எண்பதுகளின் தொடக்கத்தில் என் வீட்டுக்காரர் ஒரு பழைய பட்டாள ஜீப்பை ஏலத்தில் எடுத்து எறையூருக்கு ஓட்டிவந்தார். கரும்புக் கொல்லைக்குப் போய்வர என்று சொன்னார். கொல்லைக்கு சைக்கிளில்தான் போனார். ஜீப் கல்யாணம், காதுகுத்துக்கு மட்டும்.

கதவில்லாத அந்த வண்டிக்குக் கண்ணாடி வைத்த தகரக் கதவு செய்து மாட்டினார். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. அரியலூர்ப் பக்கம் போய்வந்தால் சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் தூசியெல்லாம் அவர் சட்டையில் இருக்கும். வெள்ளை வேட்டி சட்டையைத் தவிர வேறு எதை உடுத்தினாலும் மரியாதை போய்விடும் என்று நம்புகிறவர். அதைத் துவைக்கிறவளுக்கு என்ன போகும் என்று அவர் யோசித்ததில்லை.

செந்துறையில் என் அண்ணன் புது வீடு கட்டிக் குடிபோக நாள் குறித்தார். மச்சான் வீட்டு வாசலில் மடிப்புக் கலையாமல் இறங்க வேண்டும் என்ற வெறி இவருக்கு வந்துவிட்டது. பெரம்பலூர் போய், கதவைச் சுற்றி ஒட்டுவதற்கு ரப்பர் சுருளோடு வந்தார். கட்டைவிரல் தடிமன்.

"ஏங்க, இவ்ளோ தடியா இருக்கே, கதவு சாத்துமா?"

"தடியா இருந்தாத்தான்டி அடைக்கும். உனக்கு என்ன தெரியும்?"

எனக்குத் தெரியாததால் சமையலைப் பார்க்கப் போனேன். அவரே உட்கார்ந்து ஒட்டினார். ரப்பரோடு அவர் விரல்களும் ஒட்டிக்கொண்டன. மண்ணெண்ணெய் ஊற்றி நான்தான் பிரித்துவிட்டேன். கடைசியில் கதவு சாத்தவில்லை. தோளால் முட்டி, காலால் உதைத்து ஒருவழியாகச் சாத்தினார். "பாத்தியா, பேங்க் லாக்கர் மாதிரி!" என்றார்.

குடிபோகிற அன்று பட்டுப்புடவையில் நான் ஏறினேன். என் பக்கக் கதவை வெளியிலிருந்து உதைத்துச் சாத்தினார். தன் பக்கத்தை உள்ளிருந்து இழுத்து அடித்தார். அரியலூர் தாண்டும்வரை காற்றில்லாமல் வெந்தோம். செம்மண் சாலை வந்ததும்தான் வேடிக்கை. கதவுகளை அப்படி அடைத்தவர், கியர் கம்பியடியில் தரையில் இருந்த ஓட்டையையும், பின்பக்கம் வெறும் தார்ப்பாய் தொங்குவதையும் மறந்துவிட்டார். அந்த வழிகளில் தூசி அள்ளிக்கொண்டு வந்தது. வெளியே போகத்தான் வழியில்லை. முன்பு ஒரு கதவில் வந்து மறு கதவில் போய்க்கொண்டிருந்த தூசி இப்போது எங்களோடு குடித்தனம் நடத்தியது.

"கண்ணாடியத் தொறங்க, மூச்சு முட்டுது."

"தொறந்தா தூசி வரும்!" என்று இருமிக்கொண்டே சொன்னார்.

அண்ணன் வீட்டு வாசலில் ஊரே நின்றது. இவர் கம்பீரமாகப் பிடியைத் திருப்பினார். கதவு அசையவில்லை. இன்னும் பலமாகத் திருப்பியதில் பிடி கையோடு வந்துவிட்டது. என் பக்கமும் அதே கதி. கண்ணாடிக்கு வெளியே அண்ணன் முகம் வந்தது.

"வாங்க மாப்ள! எறங்கலியா?"

"இருங்க மச்சான், கொஞ்சம் டைட்டா இருக்கு."

உள்ளே பால் பொங்கிக் குலவைச் சத்தம் கேட்டது. என் கூடப்பிறந்தவர் வீட்டில் பால் பொங்குவதை நான் பார்க்கவில்லை. அந்தக் கோபம் இன்றும் எனக்கு உண்டு. கடைசியில் சீட்டைத் தாண்டி, பின்பக்கத் தார்ப்பாயை விலக்கி, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குதித்தேன். பின்னாலேயே அவரும் தவழ்ந்து வந்தார். தலைமுதல் கால்வரை செங்கல் நிறம்.

அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சூளையிலேர்ந்து நேரா வர்றீங்களா மாப்ள?" என்றார்.

இவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "உங்க தங்கச்சிதான் கதவ ஓங்கி அடிச்சு லாக்கக் கெடுத்துட்டா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "கதவச் சாத்துனது இவரு, அதுவும் ஒதச்சு. ரப்பர் ஒட்டுனதும் இவருதான்" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னேன். அண்ணன் அதற்குமேல் அடக்கவில்லை, வாய்விட்டே சிரித்தார்.

சாப்பாடு முடிந்ததும் இவர் தார்ப்பாய் வழியாகவே ஏறி ஜீப்பில் உட்கார்ந்து ஹாரன் அடித்தார். நான் அண்ணியோடு வெற்றிலை போட்டுவிட்டு, அரியலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் திரும்பினேன்.