கேஜ் இன்னும் மேலே வரவில்லை

நண்பர்களே, நம் மின்மடல் குழுவில் யாராவது சில நாள் எழுதாவிட்டால், "கேஜ் இன்னும் மேல வரல" என்று எழுதிச் சிரிப்போம். சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் அந்தக் கூண்டு இப்போது ஓடுவதே இல்லை என்பதால் நமக்கு அது வேடிக்கை.

போன வாரம் செல்வத்துக்கும் அப்படித்தான் ஆளாளுக்கு எழுதினோம்.

இன்று ராபர்ட்சன்பேட்டை பிரௌசிங் சென்டருக்கு செல்வத்தின் மனைவி வந்தார். சொல்லாமல் வீட்டை விட்டுப் போன கணவரைத் தேடி, அவருடைய மெயிலைத் திறந்து நம் மடல்களைப் படித்திருக்கிறார். நானும் அந்தக் குழுதான் என்று சென்டர்காரர் அங்கே உட்கார்ந்திருந்த என்னைக் கை காட்டினார்.

"கேஜ் எறங்குற அந்த நந்திதுர்க் ஷாஃப்டாண்ட போய்ட்டுதான் வரேன் சார். மைன்ஸ் மூடியாச்சு, கேஜே ஓடலன்றாரு வாட்ச்மேன். அப்பறம் இன்னாத்துக்கு சார், அவரு கேஜ்ல கீறாருன்னு எல்லாரும் எழுதிக்கீறீங்க?"

சும்மா விளையாட்டுக்கு என்றேன். விளக்க விளக்க என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

"செரி சார். அவரு எங்க கீறாரு, அத்த சொல்லுங்க."

எல்லா மடல்களையும் திரும்பப் படித்தேன். அந்த ஒரு கேள்வியை மட்டும் நம்மில் யாருமே கேட்டிருக்கவில்லை.

தெரிந்தவர்கள் உடனே எழுதுங்கள். வெளியாளுக்கும் புரிகிற மாதிரி எழுதுங்கள். செல்வத்தின் மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.