தெரியாது என்று சொன்ன நூலகர்

எல்லையில் சண்டை மூண்டிருந்த நேரம். ராணுவத்தில் இருக்கும் என் கணவரின் போன் முந்தின நாளிலிருந்தே அணைந்து கிடந்தது. காலையில் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. ராணுவ முகாம் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. கீழே அவர் இருக்கும் ஊரின் பெயர் போட்டிருந்தது.

பேப்பரில் ஏதாவது வந்திருக்குமா என்று பார்க்கத் திருநகர் நூலகத்துக்கு ஓடினேன். நான் அழுவதைப் பார்த்து நூலகர் எழுந்து வந்தார். என்னைவிட இளைய பெண். விஷயத்தைக் கேட்டதும் அந்த வீடியோவின் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தேடினார்.

"இது பழசுக்கா. வேற நாட்டுல எடுத்தது. நீங்களே பாருங்க."

"அப்ப அவரு நல்லாத்தான இருக்காரு?"

அவர் என் பக்கம் திரும்பினார். "அது எனக்குத் தெரியாதுக்கா. இந்த வீடியோ பொய்னு மட்டும்தான் தெரியும். தனியா வீட்டுல இருக்காதீங்க, இங்கனயே உக்காருங்க."

அதுவரை குரூப்பில் எல்லோரும் "ஒண்ணும் ஆகாது" என்றார்கள், மனசு கேட்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று இவர் சொன்னதால், சொன்ன மற்றதை முழுசாக நம்பினேன். மூச்சு சீரானது.

மதியம் பசுமலையிலிருந்து, மகன் ராணுவத்தில் இருக்கும் ஓர் அம்மா அதே வீடியோவோடு வந்தார். அது பழசு என்று நானே கம்ப்யூட்டரில் காட்டினேன்.

"என் மகன்?" என்றார்.

"தெரியலம்மா. வாங்க, சேந்தே காத்திருப்போம்."

மறுநாள் காலை என் கணவர் பேசினார். அதைச் சொல்ல நூலகத்துக்கு ஓடினேன். அந்த அம்மா எனக்கு முன்பே வந்து, சிரித்த முகத்தோடு வாசலில் நின்றிருந்தார்.