தவராசா வாங்கிய சவுண்ட் கார்ட்

தவராசா போய்விட்டான் என்று கொட்டாஞ்சேனையிலிருந்து அவன் மனைவி தொலைபேசியில் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. செத்தவீட்டில் அது இன்னும் ஏறியது. "சாதுவான மனிசன்" என்று அங்கே கண்ணைக் கசக்கிய சிலர்தான், அவனைப் பிடித்துக்கொண்டுபோன கிழமை "நெருப்பில்லாமல் புகையுமோ?" என்று கேட்டவர்கள். அவனை அறிந்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில் நாங்கள் இருவரும் சேர்ந்து கம்பியூட்டர் கடை நடத்தினோம். பழைய கசெட்டுகளைச் சீடியில் ஏற்றிக் கொடுப்பதும் எங்கள் வேலை. கனடா விசாவுக்காக லொட்ஜில் காத்திருந்த பரமேஸ்வரி அக்கா ஒருநாள் ஒரு கசெட்டைக் கொண்டுவந்தார். வெளிநாட்டிலிருப்பவர்களுக்குக் கடிதத்துக்குப் பதிலாகக் குரலைப் பதிந்து அனுப்புவோம் அல்லவா, அப்படி ஒன்று. யாழ்ப்பாணத்தில் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பி வராத அவருடைய மகன், கனடாவிலிருந்த தமக்கைக்காகப் பதிந்து, அனுப்பாமலே விட்டுப்போனது. "அவன்ட குரல் இதில மட்டும்தான் தம்பி இருக்கு," என்றார்.

நாடா நைந்திருந்தது. முதல் ஒரு நிமிடத்தை மட்டும் ஏற்றிப் பார்த்தோம். மதர்போர்ட்டோடு வரும் சவுண்டே போதும் என்பது என் கட்சி. தவராசா ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னை முறைத்தான்.

"பெடியன் 'அக்கா' எண்டு சொல்ல முன்னம் ஒருக்கா மூச்சிழுக்கிறான். எங்கட பெட்டியின்ட இரைச்சல் அதுக்கு மேல விழுந்து கிடக்கு. தனிச் சவுண்ட் கார்ட் போட்டாத்தான் சரிவரும்."

"விசரா, தாய் கேக்கப்போறது மகன்ட குரலை. உன்ட இரைச்சலை ஆர் கவனிக்கப்போகினம்?"

"இந்த நாடா இன்னும் ஒருக்காத்தான் ஓடும் மச்சான். ஒருக்கா எண்டா ஒழுங்காச் செய்யவேணும்."

அடுத்த நாளே கொள்ளுப்பிட்டிக்குப் போய்க் கார்ட்டை வாங்கினான். அவசரக்காரன், அட்டைப் பெட்டியையும் பில்லையும் வாங்கின கடையிலேயே விட்டுவிட்டு, பச்சைத் தகட்டை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வந்தான். சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் அதைத் தூக்கிப் பிடித்து, இது என்ன என்று சிங்களத்தில், "மே மொகத்த?" என்று கேட்டார்கள். அவன் சொன்னதை யார் நம்பினார்கள்? அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தது, தகட்டைக் குண்டுச் சாமானாக்க அது போதுமாயிருந்தது.

பதினெட்டு நாள் வைத்திருந்து அடித்தார்கள். காதோடு சேர்த்து அடித்தார்கள். பாட்டுக் கேட்கிற தகட்டில் என்னடா வெடிக்கும், நாசமாய்ப் போனவர்களே! அந்த நாட்களில் எங்கள் கடையைக் கண்டதும் வீதியின் மறுகரைக்கு மாறி நடந்த நம்மவர்களையும் நான் மறக்கவில்லை.

இடையில் அக்காவுக்கு விசா கிடைத்துவிட்டது. யாரிடமாவது ஒரு கார்ட்டை இரவல் கேட்டிருக்கலாம். நான் பயந்தேன். அந்தச் சாமானின் பெயரைச் சொல்லவே பயந்தேன். மதர்போர்ட் சவுண்டிலேயே ஏற்றினேன். கடைசியில் நாடா அறுந்தது. அக்கா சீடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

வெளியே வந்த தவராசா வீட்டுக்குக்கூடப் போகாமல் கடைக்கு வந்தான். "அக்காவின்ட கசெட்டை எதில ஏத்தினனி?" என்றான்.

"இரவல் கார்ட் ஒண்டில," என்றேன்.

எங்களிடமிருந்த பிரதியைப் போட்டு, ஹெட்போனை மாட்டி, சத்தத்தை முழுவதுமாகக் கூட்டினான். தள்ளி நின்ற எனக்கே இரைச்சல் கேட்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டான்.

"பாத்தியே மச்சான், ஒரு இரைச்சலும் இல்லை. நான் அப்பவே சொன்னனான்," என்று சிரித்தான்.

நான் ஓம் என்றேன். அவன் சாகும்வரைக்கும் ஓம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தக் கோபம்தான். அதில் பாதி அவனை அடித்தவர்கள்மீது, மீதி என்மீது.