பாடாமல் விட்ட நாலாம் சரணம்

நம்புவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். போன நவம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை, நாங்கள் இருக்கும் ஹேர்னிங் நகரில் எனக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

எனக்கும் தம்பி தனுஷனுக்கும் பழைய அமெரிக்கக் கன்ட்ரி பாட்டில் பைத்தியம். அந்தக் காலத்தில் அண்ணனும் தம்பியும் ஜோடியாக, ஒரே மைக்கின் முன் தோளோடு தோள் ஒட்டி நின்று பாடுவார்கள். நாங்களும் அப்படித்தான். எனக்குக் கித்தாரும் கீழ்க்குரலும். அவனுக்கு மாண்டலினும் மேல்குரலும். எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம்: ஒருவன் நிறுத்தினால் மற்றவனும் அதே இடத்தில் நிறுத்தவேண்டும்.

அன்று பின்னேரம் அவனுக்குக் கழுத்தில் சத்திரசிகிச்சை. ஒரு சின்னக் கட்டி. அவன் குரல் போய்விடுமோ என்று எனக்குத்தான் பயம்.

"இங்கை இருந்து என்ன செய்யப்போறியள் அண்ணை? போய்ப் புதுப் பாட்டைப் பதிஞ்சு வையுங்கோ. நான் வந்து பழகிறன்" என்று ஆஸ்பத்திரியிலிருந்து என்னைத் துரத்திவிட்டான்.

4.10. நாங்கள் வழக்கமாகப் பாடும் வாடகை அறை. வெளியே அதற்குள் இருட்டு. இரண்டு சகோதரர்கள் படகில் ஆறு கடப்பதுதான் அந்தப் புதுப் பாட்டு. நாலு சரணம். நாலாவதில் இருவரும் அக்கரை சேர்வார்கள். பதிவைத் தொடக்கிவிட்டு, பழக்கதோஷத்தில் மைக்குக்கு முன் அவனுக்கும் இடம் விட்டு நின்று பாடத் தொடங்கினேன்.

4.12. இரண்டாம் சரணம். வலது தோள் திடீரென்று குளிர்ந்தது. ஜன்னல் பூட்டித்தான் இருந்தது.

தோளில் ஒரு தோள் முட்டியது...

பிறகு மேல்குரல் கேட்டது. தனுஷனின் குரல். என் காதோடு.

ஒவ்வொரு அடிக்கும் முன் அவன் மூச்சு இழுக்கும் சத்தம் எனக்குத் தெரியும். அந்த மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

திரும்பிப் பார்க்கப் பயம். கை தன்பாட்டில் வாசித்தது. மூன்றாம் சரணமும் முடிந்தது.

நாலாவதுக்கு வாயைத் திறந்தேன்...

முடியவில்லை. நிறுத்தினேன்.

அதுவும் நின்றது.

4.15.

ஐந்தரைக்கு அவன் மனைவி நிலக்சி ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் எடுத்தாள்.

"பயப்பிடாதேங்கோ, இப்ப ஆள் சுகம். இடையிலை இதயம் நிண்டுபோச்சாம். நாலு பன்ரண்டுக்கு. மூண்டு நிமிஷம்."

பதிவைப் போட்டுக் கேட்டேன். என் குரல் மட்டும்தான் இருந்தது. நடந்ததை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் தனுஷன் மெல்லக் கதைக்கத் தொடங்கினான். கட்டிலில் கிடந்தபடி என்னைப் பார்த்தான்.

"ஏன் அண்ணை கடைசிச் சரணத்தைப் பாடாமல் விட்டனீங்கள்? நான் பக்கத்திலை பாத்துக்கொண்டெல்லோ நிண்டனான்."